கோல் விழாத ஹோர்ன்

எழும்பிட்டாள். எழும்பிட்டாள் தானே. எழும்பி, காற்சட்டையில ஒட்டின சேத்தைத் தட்டி, பக்கத்தில நிண்டவளைப் பாத்துச் சிரிச்சும் போட்டாள், இவ்வளவு தூரத்திலயும் பல்லுக்குப் போட்ட அந்த மஞ்சள் மௌத்கார்ட் தெரிஞ்சது, பிறகென்ன. காருக்குள்ள இரு தயாளினி. காருக்குள்ள இருப்பன் எண்டு வாக்குக் குடுத்துத்தானே வந்தனீ. ஆனா அந்த மற்றப் பிள்ளையின்ர முழங்கால் என்ர பிள்ளையின்ர காதுக்கு மேல போய்ப் பட்டதை நான் கண்டனான். சத்தம் கேக்கேல்லை, கண்ணாடி ஏத்தியிருக்கு, மழை வேற, சத்தம் கேக்காததால அது பெரிய அடியில்லை எண்டு சொல்லலாமோ. வேற ஒருத்தரும் காணேல்லை. பந்து அதுக்கிடையில அங்கால போயிட்டுது, சனத்தின்ர கண்ணும் பந்துக்குப் பின்னால போயிட்டுது, அம்பயரும் விசிலைக் கடிச்சுக்கொண்டு அங்காலதான் ஓடினவன். பந்தைப் பாக்கிற ஆக்களுக்குத்தான் மட்ச் விளங்கும். நான் பந்தைப் பாக்கிறேல்லை, ஆரணியைத்தான் பாக்கிறது, அதால எத்தினை வருசம் வந்தாலும் எனக்கு ஸ்கோர் தெரியாது, ஆனா அவளுக்கு எங்கயெங்க நோகுது எண்டு தெரியும். தெரியும் எண்டுதான் மே மாசமும் நினைச்சனான். அண்டைக்கு அவள் சுருண்டு விழுந்து காலைப் பிடிச்சுக்கொண்டு கத்த, நான் குடையும் கையுமா வேலியால ஏறிக் குதிச்சு மைதானத்துக்கு நடுவில போய் நிண்டனான், விளையாட்டு நிண்டு போச்சு, பாத்தால் வெறும் கெண்டைக்கால் இழுப்பு. ரெண்டு பக்கத்துப் பெட்டையளும் என்னையும் குடையையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிண்டுதுகள். ஆரணி வீட்டை வந்து கனநாள் என்னோட கதைக்கேல்லை. கடைசியில கதைச்சதும் இவ்வளவுதான். "அம்மா, நீங்க வாறதெண்டா காருக்க இருக்கோணும். டோர் திறக்கக்கூடாது. ப்ரொமிஸ்?" நானும் அவளின்ர தலையில கையை வச்சு ப்ரொமிஸ் எண்டனான். சத்தியம் எண்டால் பிள்ளையின்ர தலையிலதானே கையை வைக்கிறது. அந்தத் தலையிலதான் இப்ப முழங்கால் பட்டிருக்கு. காலமை இவர் வேலைக்குப் போக வெளிக்கிடேக்கயும் சொன்னவர், "நீர் சும்மா இரும் என்ன, அவள் இந்த மட்ச்சுக்காக வருசம் முழுக்க ஓடினவள்" எண்டு. இது இறுதிக்கு முந்தின மட்ச். வெண்டால் அடுத்த சனிக்கிழமை இறுதி. அங்கால பெவிலியனுக்குக் கீழ சிவப்பு ஜாக்கெட் போட்ட ரெண்டு பேர், மாநில அணிக்குப் பிள்ளையளைத் தெரிவுசெய்ய வந்தவையாம். நான் கதவைத் திறந்து இறங்கி, என்ர பிள்ளைக்குத் தலையில பட்டுட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும், இண்டைக்கு அவள் திரும்ப விளையாடேலாது, அடுத்த சனியும் ஏலாது, இப்ப சட்டம் அப்பிடி. அது உண்மையெண்டால் சரி. திரும்பவும் கெண்டை இழுப்பு மாதிரி ஏதாவது எண்டால் என்ன செய்யிறது. சைரன் ஊதுது. நாலு குவார்ட்டரில மூண்டாவது முடிஞ்சுது.

வைப்பரை நிப்பாட்டுவம். நிப்பாட்டினால் ஒண்டும் தெரியாது. போடுவம். வட்ட மைதானத்தைச் சுத்தி வெள்ளை வேலி, வேலியில மூக்கை முட்டிக்கொண்டு கார்கள், தொட்டியில தண்ணி குடிக்க நிக்கிற மாடுகள் மாதிரி. மெல்பேர்னில உப்பிடிக் கிடையாது, அங்க கார் ஒரு பக்கம் ஆக்கள் ஒரு பக்கம். இந்த நாட்டுப்புறத்து ஓவல்களிலதான் ஹீட்டரைப் போட்டுட்டு, மடியில சுடச்சுட சிப்ஸை வச்சுக்கொண்டு, காருக்குள்ள இருந்தே மட்ச் பாக்கலாம். தங்கட ஆக்கள் கோல் அடிச்சால் இஞ்ச கை தட்டுறேல்லை, ஹோர்ன் அடிக்கிறது. எல்லாக் காரும் ஒண்டா அடிக்கும், கலியாண வீட்டில கெட்டிமேளம் மாதிரி, ஏன் அடிக்குது எண்டு தெரியாத நாயும் சேந்து குலைக்கும். எனக்கு ஒன்பது வயசில இதை விளங்கப்படுத்தினது ரஸ்ஸல். ரஸ்ஸல் ஆரெண்டால், அப்பா வேலை செய்த பழ ஃபக்டரியில, பீச்சும் பெயார்சும் தகரத்தில அடைக்கிற இடம், அப்பாவுக்குப் பக்கத்து மெசினில நிண்ட வெள்ளைக்காரப் பெடியன். செம்பட்டைத் தலை. முன்பல்லு ஒண்டு இல்லை, அது ஃபுட்டியில, இஞ்சத்தை ஃபுட்போலில, போனது எண்டு ஏதோ மெடல் மாதிரிச் சொல்லுவான். நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து முதல் குளிர்காலம் அது, சனிக்கிழமையில என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நாலு பேரும் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்த காலம், அவன்தான் வீட்டுக்கே வந்து, "ராஜ், சனிக்கிழமை குடும்பத்தோட ஓவலுக்கு வா, நான் விளையாடுறன்" எண்டவன். அப்பாவின்ர பேர் இராசநாயகம். ராஜ் எண்டால் அப்பா திரும்பிப் பாக்கவே ஒரு மாசம் சென்றது. முதல் நாள் ரஸ்ஸல் ஜேர்சியோட வந்து கார்க் கண்ணாடிக்குள்ளால தலையை நீட்டி, கையைக் காலை ஆட்டிக் காட்டினவன். அங்க நாலு கம்பம் நிக்குது பார், நடுவில ரெண்டும் உயரம், அதுக்குள்ளால பந்து போனால் கோல், ஆறு புள்ளி, அப்ப அடி. பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்குள்ள போனால் ஒரு புள்ளிதான், அதுக்கு அடிக்காத, வெக்கக்கேடு. அப்பா ஓம் ஓம் எண்டு தலையாட்டினவர். அப்பாவிட்டை இங்கிலிஷ் இருந்தது, காகிதத்தில. பேப்பர் வாசிப்பார், எங்களுக்குக் கிராமர் சொல்லித் தருவார். வாயால விடேக்கதான் அது எங்கயோ போய் ஒளிச்சுக்கொள்ளும். ரஸ்ஸலின்ர நம்பர் பதினாலோ நாப்பத்தொண்டோ, எனக்கு இப்பவும் குழப்பம், ஆரணியின்ர ஜேர்சியில பதினாலு, அதால அவனுக்கும் பதினாலு எண்டு நான் பிறகு போட்டுக்கொண்டனோ தெரியேல்லை.

அப்பா முதல் முதல் ஹோர்ன் அடிச்சது நல்ல பகிடி. ஆற்றையோ வீட்டுக் கதவு மணியை அமத்துற மாதிரி ஒரு விரலால தொட்டவர், கார் ஒரு சின்ன விக்கல் எடுத்தது. அண்ணா பின்னால இருந்து, "அப்பா, பலமா அடியுங்கோ" எண்டு கத்தினவன். அண்ணா வந்தவனோ அண்டைக்கு? ஊரில ஆமிக்காரரின்ர சென்றிப் பொயிண்டுகளில ஜன்னலை இறக்கி, லைட்டை நூத்து, கையை வெளியில தெரிய வச்சுப் பழகின மனுசன், அந்த மனுசனைப் பிடிச்சு ஊருக்கு நடுவில கார் ஹோர்னை அடியெண்டால். ஆனா ஒரு மாசத்தில பழகிட்டார். ரஸ்ஸல் கோல் அடிச்சால் உள்ளங்கையால அமத்துவார், பிறகு என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிப்பார், அந்தச் சிரிப்பை அவர் வேற ஒரு இடத்திலயும் சிரிச்சு நான் காணேல்லை. எனக்கு மட்ச் விளங்கேல்லை. முக்கியமா அந்தப் பக்கம் மாறுறது. ஒவ்வொரு குவார்ட்டரும் முடிய ரெண்டு கட்சியும் பக்கம் மாறும், இவ்வளவு நேரமும் இந்தக் கம்பத்துக்கு அடிச்சவன் இனி அந்தக் கம்பத்துக்கு அடிப்பான், நான் வடையைக் கடிச்சு நிமிரேக்க எல்லாம் தலைகீழா இருக்கும். "அப்பா, இப்ப எங்கட கோல் எது?" எண்டு கேப்பன். அப்பாவும் கொஞ்ச நேரம் யோசிச்சுத்தான் சொல்லுவார். அதுதானே நான் இப்ப நினைக்க வேண்டியது. எந்தப் பக்கம்.

ஏனெண்டால் சைரன் ஊதின உடன ஆரணி மற்றக் கட்சி கூடி நிண்ட வட்டத்தை நோக்கித்தான் நடந்தவள். நான் கண்டனான். மூண்டு நாலு அடி. பிறகு நிண்டு, திரும்பி, எங்கட நீலச் சட்டையளுக்குள்ள போயிட்டாள். தண்ணிப் போத்தல் அந்தப் பக்கம் கிடந்ததோ, அதை எடுக்கப் போனவளோ, இல்லை அங்க நிக்கிற சிநேகிதிக்கு ஏதும் சொல்லப் போனவளோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் அந்தக் கட்சியிலயும் இருக்குதுகள் தானே. இப்ப சனமெல்லாம் மைதானத்துக்குள்ள போகுது. இடைவேளையில ஆரும் உள்ள போகலாம், கோச் பேசுறதை ஒட்டுக் கேக்கலாம், குஞ்சு குருமனெல்லாம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுதுகள், மற்றத் தாய்மார் குடையோட போகினம். நானும் போகலாம். போய், சும்மா பக்கத்தில நிண்டு, அவளின்ர கண்ணை ஒருக்காப் பாத்திட்டு வரலாம். ப்ரொமிஸ். அவள் இருக்கிறாள், மற்றவளவை எல்லாரும் நிக்கிறாளவை, இவள் மட்டும் ஈரப் புல்லில இருக்கிறாள். களைப்பா இருக்கும். டொனா வாறா. டொனா எங்கட டிரெய்னர், மற்ற நாளில பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ, சனிக்கிழமையில ரோஸ் சட்டை போட்டு இடுப்பில மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு நிப்பா. குனிஞ்சு ஏதோ கேக்கிறா. சொல்லு பிள்ளை. தலை எண்டு சொல்லு. ஆரணி கையைத் தூக்கித் தோளைக் காட்டுறாள். டொனா தோளைப் பிடிச்சு உருவி விடுறா. தோளில படவே இல்லை. தோளில ஒண்டும் படவே இல்லை, நான் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு இருந்தனான். அப்ப மறைக்கிறாள். தலை எண்டு சொன்னால் வெளியில இருத்துவினம் எண்டு தெரிஞ்சு மறைக்கிறாள், கெட்டிக்காரி, என்ர வயித்தில பிறந்தது வேற எப்பிடி இருக்கும். இல்லாட்டி மறைக்கேல்லையோ, எங்க பட்டதெண்டே அவளுக்குத் தெரியேல்லையோ. ரெண்டில எது நல்லதெண்டு நான் கடவுளிட்டைக் கேக்கிறது, மறைக்கிறதுதான் நல்லது, பொய் சொல்லுற பிள்ளை எண்டால் சுகமா இருக்கிற பிள்ளை. நான் என்ன விசர்க்கதை கதைக்கிறன். பதினாறு வயசு. இன்னும் கொஞ்சக் காலம்தான் இந்தக் காரில என்னோட வரப்போறாள், பேந்து தன்ர லைசென்ஸ், தன்ர கார், தன்ர பாடு. இண்டைக்கு நான் பிழையா இறங்கினால் அந்தக் கொஞ்சக் காலமும் போச்சு. இறங்காமல் விட்டு நான் கண்டது சரியா இருந்தால். அம்மா சொல்லுவா, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு. அம்மா எல்லாத்துக்கும் ஒண்டு வச்சிருப்பா.

அம்மா அப்பாவின்ர ஹோர்ன் கதையையும் அப்பிடித்தான் வச்சிருந்தவ, பிறந்தநாள், சாமத்திய வீடு, எங்க நாலு தமிழ்ச்சனம் கூடினாலும் எடுத்து விடுவா. "இவர் ஒரு நாள் கோல் விழாமலே ஹோர்ன் அடிச்ச மனுசன். கம்பத்துக்குக் கிட்டவும் பந்து போகேல்லை, இவர் காரில ஏறி இருந்து, கையை எடுக்காமல், எயார் ரெயிட் சைரன் மாதிரி. அதுவும் எந்தப் பக்கத்துக் கோலுக்கு எண்டு கேளுங்கோ, எதிர்க்கட்சியின்ர கோலுக்கு." சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார், வாயை மூடிக்கொண்டு. நான் சிரிக்க மாட்டன், ஏனெண்டால் அம்மா அண்டைக்குக் காரில இல்லை, நான்தான் இருந்தனான், முன் சீட்டில. கையை எடுக்கேல்லை எண்டது உண்மை. எல்லாக் காரும் திரும்பிப் பாத்தது. ஒரு வெள்ளைக்கார மனுசன் வந்து எங்கட போனெட்டில உள்ளங்கையால ரெண்டு தட்டுத் தட்டி, "பந்து உள்ள போகட்டும், மேட், போன பிறகு அடி" எண்டவன், அவன் கோவத்தில சொல்லேல்லை, பகிடியாத்தான் சொன்னவன், அதுதான் இன்னும் கூட வெக்கம். நான் டாஷ்போர்டுக்குக் கீழ சறுகிப் போய் இருந்தனான். கீழ இருந்து பாக்க அப்பாவின்ர கை மட்டும்தான் தெரிஞ்சது, ஹோர்னுக்கு மேல, விரல் நகமெல்லாம் வெள்ளையா. அண்டைக்கும் மழை. பழைய ஹோல்டன் காரின்ர இடப்பக்கத்து வைப்பரில ரப்பர் அண்டைக்கு வரேக்கதான் கிழிஞ்சு தொங்கினது, அது என்ர கண்ணாடியில ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில கோடு கீறிக்கொண்டு போகும், அந்தக் கோட்டுக்குள்ளாலதான் நான் ரஸ்ஸலை. பொறு. ரஸ்ஸலை எப்ப பாத்தனான் அந்தக் கோட்டுக்குள்ளால. ரஸ்ஸலைத் தூக்கிக்கொண்டு போன அம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளயே ஓடி வந்தது, புல்லில டயர் அடையாளம் பதிஞ்சது, அதையும் நான் அந்தக் கிழிஞ்ச ரப்பர் கீறின கோட்டுக்குள்ளாலதான் பாத்தனான், அம்புலன்சின்ர சிவப்பு லைட் அந்தக் கோட்டில இழுபட்டு இழுபட்டுப் போனது. அப்பா அந்த ரப்பரை அடுத்த நாளே மாத்திப் போட்டவர். ஞாயிற்றுக்கிழமை, ஆற்றையோ பழைய காரில இருந்து கழட்டி வந்து, அம்மா பேசப் பேச. அப்ப ரெண்டும் ஒரே நாள். ஹோர்ன் கதை சிரிக்கிற கதை, அது சனத்துக்கு முன்னால சொல்லுறது. ரஸ்ஸல் கதை வேற, அது ஆரும் கேட்டால் மெல்லமாச் சொல்லுறது. ரெண்டையும் ஒருத்தரும் ஒண்டாச் சொல்லேல்லை, நானும் ஒண்டா நினைக்கேல்லை, இவ்வளவு வருசமும் ரெண்டும் ரெண்டு சனிக்கிழமையாத்தான் எனக்குள்ள கிடந்தது.

ரஸ்ஸலை நாங்கள் பிறகும் காணுறனாங்கள். கடையில. தாய் அவனின்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவா, அவ்வளவு பெரிய ஆம்பிளையை, வண்டிலைத் தள்ள விடுவா. அப்பாவைக் கண்டால் அவனுக்கு முகமெல்லாம் சந்தோசம், ஆளை எங்கயோ தெரியும் எண்டு விளங்கும், கிட்ட வந்து கையைக் குடுத்து, "உன்ர பேர் என்ன, மேட்?" எண்டு கேப்பான். "இராசநாயகம்" எண்டு அப்பா முழுப் பேரையும் சொல்லுவார். அடுத்த கிழமையும் கேப்பான். அடுத்த கிழமையும் அப்பா முதல் தரம் சொல்லுற மாதிரிச் சொல்லுவார். இப்ப போனை எடுத்து அப்பாவுக்கு அடிச்சால் என்ன. டாண்டினோங்கில அண்ணா வீட்டில பின்னேரத் தேத்தண்ணியோட இருப்பார். என்னத்தைக் கேக்கிறது. கேப்பம்.

"ஹலோ, தயாவோ? பிள்ளை வெண்டிட்டாளோ?" "இன்னும் ஒரு குவார்ட்டர் இருக்கு அப்பா. அப்பா, ஒண்டு கேக்கிறன். ரஸ்ஸல் விழுந்த அண்டைக்கோ நீங்கள் கோல் இல்லாமல் ஹோர்ன் அடிச்சனீங்கள்?" கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. "இப்ப ஏன் பிள்ளை அது?" "சொல்லுங்கோவன்." "ஓம். அண்டைக்குத்தான்." "அவன் விழ முதலோ, விழுந்த பிறகோ?" "முதல் ஒருக்காத் தலையில அடிபட்டவன், ஒருத்தரும் காணேல்லை. எழும்பிட்டான். பேந்து பந்தோட எங்கட கார்ப் பக்கம் ஓடி வந்தவன். என்னைக் கண்டு சிரிச்சுக்கொண்டு வாறான், பிள்ளை. கடைசிக் குவார்ட்டர், அந்தப் பக்கம் அவனின்ர கட்சியின்ர கோல் இல்லை, எனக்கும் அந்தளவு தெரியும். அவனுக்குத் தெரியேல்லை. சனம் அவன் ஏதோ விளையாட்டுக் காட்டுறான் எண்டு சிரிக்குது." "இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம் தானே அப்பா." நான் ஏன் அதைக் கேட்டன், காருக்குள்ள இருந்துகொண்டு. "என்னெண்டு சொல்லுறது? வசனத்தை மனசுக்குள்ள கட்டிக்கொண்டுதான் இருந்தனான். பிள்ளையளுக்குக் கிராமர் படிப்பிச்ச எனக்கு முதல் ரெண்டு சொல்லுக்கு மேல வரேல்லை. கையில ஹோர்ன்தான் இருந்தது. நிப்பாட்டுங்கோ எண்டுதான் அடிச்சனான். எல்லாரும் என்னைத்தான் நிப்பாட்டினவை. அதுக்குப் பிறகுதான் அவனை மற்றவன் வந்து பின்னால இடிச்சு விழுத்தினது." மழை கூரையில கொட்டுது. "அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கேக்க நீங்கள் ஏன் அப்பா ஒண்டும் சொல்லேல்லை?" "கொம்மா சிரிச்சவ. சனமும் சிரிச்சுது. சிரிக்கிற இடத்தில அதைக் கொண்டுபோய் ஏன்." பிறகு அவரே கேட்டவர், "பிள்ளைக்கு என்ன?" "ஒண்டுமில்லை அப்பா." "ஒண்டுமில்லை எண்டால் ஏன் பிள்ளை நீ அந்த நாள் கதையைக் கேக்கிறாய்?" சைரன் ஊத, நான் பிறகு எடுக்கிறன் எண்டு வச்சிட்டன்.

கடைசிக் குவார்ட்டர். சனம் வேலிக்கு வெளியில வந்திட்டுது, பெட்டையள் தங்கட தங்கட இடத்துக்குப் பரவுதுகள். ஆரணி ஓடி வாறாள், எப்பவும் எங்கட கோலுக்கு முன்னால நிண்டு கோல் அடிக்கிறவள். எங்கட கார்ப் பக்கத்துக் கம்பத்தை நோக்கி வாறாள், வந்து நிண்டு, கம்பத்தைப் பாத்துக் கையைத் தட்டுறாள், தயார் எண்ட மாதிரி. நான் சரியாத்தானே பாக்கிறன். முதல் குவார்ட்டர் எங்கட ஆக்கள் இந்தப் பக்கம் அடிச்சவை, அப்ப ரெண்டாவது அங்கால, மூண்டாவது இஞ்சால, இப்ப அங்கால. இல்லாட்டி முதல் குவார்ட்டர் அங்காலயோ. நான் வரேக்க பிந்தித்தான் வந்தனான், பார்க்கிங் தேடினனான், முதல் கோலுக்கு ஹோர்ன் கேக்கேக்க நான் ரிவேர்சில நிண்டனான், எந்தப் பக்கம் எண்டு பாக்கேல்லை. ஒன்பது வயசில இருந்த குழப்பம் நாப்பத்தஞ்சிலயும் போகேல்லை எண்டால் ஆரைக் குற்றம் சொல்லுறது. பிழை அவளிலயோ என்னிலயோ. பக்கத்து யூட்டில, பின்பக்கம் திறந்த பிக்கப்பில, ஒரு மனுசன் நாயோட இருந்து சிப்ஸ் சாப்பிடுறான். நான் கண்ணாடியை இறக்கிக் கேக்கிறன், கண்ணாடி இறக்கிறது கதவு திறக்கிறதில்லை தானே, "நாங்கள் இப்ப எந்தப் பக்கம் அடிக்கிறம்?" அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு, கையில இருந்த சிப்ஸால அந்தத் தூரத்துக் கம்பத்தைக் காட்டுறான், இஞ்சத்தை ஆக்களுக்கு எந்தப் பொம்பிளையும் லவ்தான். "அங்கால, லவ். காத்து எங்களுக்குத்தான்." அங்கால. பிழை என்னிலயில்லை.

அவளுக்குப் பக்கத்தில நிக்கிற மற்றக் கட்சிப் பிள்ளை இவளைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாள், இவள் ஏன் இஞ்ச நிக்கிறாள் எண்டு. நடுவில அம்பயர் பந்தைத் தரையில குத்தி எறியிறான், விளையாட்டுத் தொடங்கிட்டுது, எல்லாக் கண்ணும் பந்தில. டொனா அந்தக் கரையில, போத்தல்களோட, முதுகு எனக்கு. கதவுக் கைபிடியில என்ர கை கிடக்கு. திற. தலையில கைவச்ச சத்தியம். இறங்கி ஓடு, கத்து. என்னெண்டு கத்துறது. கவுன்சில் ஒபிசில இருந்து, குப்பை வாளி ஏன் எடுக்கேல்லை எண்டு நாள் முழுக்க வெள்ளைக்காரரோட இங்கிலிஷில சண்டை பிடிக்கிறவள் நான், எனக்கு அந்தச் சண்டைக்குச் சம்பளம் தாறாங்கள், இப்ப வாயைத் திறந்தால் ஐயோ பிள்ளை, நிப்பாட்டுங்கோ, இது ரெண்டுதான் வருது. அந்த யூட்காரன் இன்னும் என்னைத்தான் பாக்கிறான். அப்பா, வசனம் கட்டினனீங்களாம், முதல் ரெண்டு சொல்லோட நிண்டதாம். பந்து இஞ்சால வருது. உயரமா, மழைக்குள்ளால, ஒரு பெரிய பெட்டை பந்தைப் பாத்துக்கொண்டே ஓடி வாறாள், ஆரணி அவளின்ர கண்ணில படேல்லை, ஆரணி பந்தையும் பாக்கேல்லை, கம்பத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாள். அப்பாவின்ர விரல் நகம் ஏன் வெள்ளையா இருந்ததெண்டு எனக்கு இப்ப விளங்குது, இவ்வளவு பலம் வேணும் இதுக்கு. என்ர கை கைபிடியில இருந்து எப்ப வந்ததெண்டு தெரியேல்லை. ஹோர்ன் அடிக்குது. நான்தான் அடிக்கிறன். அந்தப் பெரிய பெட்டை திடுக்கிட்டுத் தடுமாறுறாள், பந்து அவளின்ர கையில பட்டு வேலிக்கு வெளியில போகுது. எல்லாக் காரும் திரும்புது. யூட்காரன் சொல்லுறான், "கோல் இல்லை, லவ்." நாய் குலைக்குது. தெரியும். கோல் இல்லையெண்டு எனக்கும் தெரியும். இந்த மைதானத்தில இருக்கிற சனம் முழுக்கத் தெரியும், நாய்க்கும் தெரியும். ஆரணிக்குத் தெரியேல்லை. ஆரணி ஹோர்னைக் கேட்டு ரெண்டு கையையும் மேல தூக்குறாள். சிரிக்கிறாள். கோல் அடிச்ச பிள்ளை மாதிரி அந்தக் குட்டைக் கம்பத்துக்குக் கிட்ட நிண்டு துள்ளுறாள், அந்த மஞ்சள் மௌத்கார்ட் தெரியத் தெரிய. சனம் என்ர காரைப் பாக்கிறதை விட்டிட்டு இப்ப அவளைப் பாக்குது. அந்தக் கரையில டொனா திரும்பி, முதல் என்னைப் பாத்து, பிறகு என்ர கார் மூக்கு நீட்டுற திசையைப் பாத்து, போத்தல்களைப் போட்டிட்டு ஓடத் தொடங்கிட்டா. ஆரணி இன்னும் கையை இறக்கேல்லை, கட்டிப்பிடிக்க ஆரும் வருவினம் எண்டு சுத்திச் சுத்திப் பாக்கிறாள். நானும் கையை எடுக்கேல்லை.